நன்னீர் மின்மீன்கள்: யாருக்கு யார் உறவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்மீன்களைப் பற்றிப் படிப்பவர்களும், கண்ணாடித் தொட்டியில் கத்திமீன் வளர்ப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். மின்சாரம் பாய்ச்சும் மீன்களெல்லாம் ஒரே குலம் என்ற எண்ணம்தான் பெரும்பாலான குழப்பங்களுக்கு வேர். அந்த எண்ணம் நீங்கிவிட்டால் மற்றவை எளிதாகப் புரியும்.

மின்விலாங்கு, விலாங்கு வகைதானே?

இல்லை. உடல் நீண்டு உருண்டிருப்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஆறுகளில் நாம் பார்க்கும் விலாங்கு கடலில் பிறந்து, ஆற்றுக்கு ஏறி வளர்ந்து, முட்டையிட மறுபடியும் கடலுக்கே போகிறது. மின்விலாங்கு தென் அமெரிக்க நன்னீரிலேயே பிறந்து அங்கேயே மடிகிறது. அதன் நெருங்கிய சுற்றம் தென் அமெரிக்கக் கத்திமீன்கள். அடுத்த வட்டத்தில் கெளுத்தி, பிரானா, கெண்டை ஆகியவை வருகின்றன.

இந்தப் பெரிய கூட்டம் முழுவதற்கும் ஓர் அடையாளம் உண்டு. தலையை ஒட்டிய முதல் சில முள்ளெலும்புகளின் பகுதிகள் சிறு துண்டுகளாகி, காற்றுப்பையின் அதிர்வை உள்காதுக்குக் கடத்துகின்றன. இவற்றுக்கு வெபர் எலும்புகள் என்று பெயர். மின்விலாங்கின் உடலில் அவை இருக்கின்றன, விலாங்கின் உடலில் இல்லை. தோற்றம் சொல்வதைவிட இந்தச் சின்னஞ்சிறு எலும்புகள் சொல்வதைத்தான் வகைப்பாட்டியலார் நம்புகிறார்கள்.

நன்னீரில் மின்மீன் குலங்கள் மொத்தம் எத்தனை?

மூன்று பெரிய குலங்கள். தென் அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் வாழும் கத்திமீன்கள் முதலாவது. ஜிம்னோட்டிபார்மிஸ் என்ற இந்த வரிசையில் 250க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. மின்விலாங்கும் இதற்குள்தான் வருகிறது. இரண்டாவது ஆப்பிரிக்க யானைமூக்கு மீன்களின் குலம். மார்மிரிடே குடும்பத்தின் 200க்கும் மேற்பட்ட இனங்களும், அவற்றுக்கு உடன்பிறப்புப் போன்ற ஜிம்னார்க்கஸ் நைலோட்டிக்கஸ் என்ற ஒற்றை இனமும் இதில் அடங்கும். மூன்றாவது ஆப்பிரிக்க மின்கெளுத்திகள். இவை மலாப்டெருரிடே என்ற சிறிய குடும்பம், ஏறக்குறைய 20 இனங்கள்.

இதைத் தவிர, சினோடான்டிஸ் என்ற ஆப்பிரிக்கக் கெளுத்திப் பேரினத்தில் சில இனங்கள் மிக மெல்லிய மின்துடிப்பை வெளியிடுகின்றன. கடலில் மின்திருக்கை உட்பட வேறு குலங்கள் இருக்கின்றன. இந்தப் பக்கம் ஆற்றோடும் குளத்தோடும் நின்றுகொள்கிறது.

ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் ஒருகாலத்தில் ஒட்டியிருந்தன. மின்மீன்களும் ஒரே குலமாக இருந்து, கண்டங்கள் பிரிந்தபோது பிரிந்திருக்கலாம் அல்லவா?

மிக நியாயமான கேள்வி. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மீன்களின் குலமரம் அதற்கு இடம் தரவில்லை.

யானைமூக்கு மீன்கள் அரபைமா, அரோவானா முதலியவற்றோடு சேர்ந்த மிகப் பழைய கிளையைச் சேர்ந்தவை. கத்திமீன்களோ கெளுத்தி, கெண்டைக் கிளையைச் சேர்ந்தவை. இந்த இரண்டு கிளைகளும் பிரிந்தது கண்டங்கள் பிரிவதற்கு வெகுகாலம் முன்பு. பொது மூதாதைக்கு மின்னுறுப்பு இருந்ததென்றால், இடையிலுள்ள ஆயிரக்கணக்கான இனங்கள் ஒவ்வொன்றும் அதை இழந்திருக்க வேண்டும். அப்படி நடந்ததற்கு எந்தத் தடயமும் இல்லை. மரபணுக் கணக்குப்படி இரண்டு பக்கமும் மின்னுறுப்பு தோன்றிய காலம் ஏறத்தாழ ஒன்றாகவே வருகிறது என்பது உண்மை. காலம் ஒத்துப்போகிறது, குலம் ஒத்துப்போகவில்லை.

குலம் வேறு என்று தெரிந்த பிறகுதான் இவற்றின் ஒற்றுமைகள் மலைக்க வைக்கின்றன. ஜிம்னார்க்கஸையும் அமேசான் கத்திமீன் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நீந்த விட்டால், இரண்டுமே உடலை அம்புபோல விறைப்பாக வைத்துக்கொண்டு ஒரே ஒரு நீளத் துடுப்பை மட்டும் அலைபோல அசைத்து, முன்னும் பின்னும் ஒரே லாவகத்தோடு நகரும். ஜிம்னார்க்கஸுக்கு அந்தத் துடுப்பு முதுகில், கத்திமீனுக்கு வயிற்றில்! உடல் வளைந்தால் சுற்றியுள்ள மின்புலமும் வளைந்து செய்தி கலங்கிவிடும், அதனால் இரண்டும் தனித்தனியாக ஒரே தீர்வுக்கு வந்திருக்கின்றன என்பது பொதுவான விளக்கம்.

இன்னொன்றும் உண்டு. ஐகன்மேனியா என்ற கத்திமீனின் அலைவெண்ணுக்கு (நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்ற எண்ணுக்கு) மிக அருகில் இன்னொரு மீன் துடித்தால், இரண்டின் சமிக்ஞைகளும் கலந்து குழம்பும். உடனே அது தன் அலைவெண்ணை விலக்கிக்கொள்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் வட்டனாபேயும் டகேடாவும் இதை 1963இல் பதிவு செய்தார்கள். கடலுக்கு அப்பால் ஜிம்னார்க்கஸும் அதையே செய்கிறது, ஒரு பங்கு உறவும் இல்லாமல்.

இத்தனை சிக்கலான உறுப்பு ஒன்றுக்கு மேற்பட்ட முறை எப்படித் தோன்ற முடியும்?

1859இல் சார்லஸ் டார்வினே மின்னுறுப்புகளைத் தன் கொள்கைக்கு ஒரு தனிச் சிக்கலாக எடுத்துப் பேசினார். ஒரே முன்னோரிடமிருந்து வந்திருந்தால் மின்மீன்களெல்லாம் நெருங்கிய உறவாக இருக்க வேண்டுமே, அப்படி இல்லையே என்பதை அவர் கண்டுகொண்டார். நன்னீர், கடல் இரண்டையும் சேர்த்தால் இன்றைய கணக்கில் மீன்களிடையே மின்னுறுப்பு குறைந்தது ஆறு முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது.

விடை தசையில் இருக்கிறது. எந்தத் தசையும் சுருங்குவதற்கு முன் அதன் சவ்வில் ஒரு மின்துடிப்பு ஓடியாக வேண்டும். மின்சாரம் எல்லா விலங்கிலும் ஏற்கெனவே இருக்கிறது. மின்மீன் செய்ததெல்லாம், சுருங்கும் வேலையை விட்டுவிட்டு அந்தத் துடிப்பை மட்டும் வைத்துக்கொண்டதுதான். அப்படி மாறிய தசைச் செல்லுக்கு மின்செல் என்று பெயர். ஒரு செல் தருவது சுமார் 0.15 வோல்ட்டுக்குள்தான். டார்ச் விளக்கில் பேட்டரிகளை வரிசையாக அடுக்குவதுபோல ஆயிரக்கணக்கில் அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே நொடியில் துடிக்க வைத்தால் மின்விலாங்கின் அதிர்ச்சி கிடைக்கிறது.

மரபணு அளவிலும் இதே கதை. இன்றைய எலும்புமீன்களில் பெரும்பாலானவற்றின் முன்னோர் ஒன்றில் மரபுத்தொகுதி முழுவதும் இரட்டிப்பானது. அதனால் தசையின் மின்துடிப்பை நடத்தும் சோடியம் வாயிலுக்கான (செல்லுக்குள் சோடியத்தை விடும் புரதத்துக்கான) மரபணுவும் இரண்டு படிகளாகிவிட்டது. கத்திமீன்களிலும் யானைமூக்கு மீன்களிலும் அவற்றில் ஒரு படி தசையில் வேலை செய்வதை நிறுத்திக்கொண்டு மின்னுறுப்புக்கு மட்டும் என்றாகி, பிறகு மிக வேகமாக மாறத் தொடங்கியது. மற்றொரு படி தசையைக் கவனித்துக்கொண்டதால் மீனுக்கு நட்டமில்லை. ஒன்றையொன்று அறியாத இரண்டு குலங்கள், ஒரே உதிரிப் பாகத்தை எடுத்து, ஒரே வேலைக்குப் பயன்படுத்தியிருக்கின்றன. 2014இல் மின்விலாங்கின் மரபுத்தொகுதி வெளியானபோது, மூன்று நன்னீர்க் குலங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மின்செல்லை வளர்த்தெடுக்கும் மரபணுக் கருவிகள் மூன்றிலும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன.

எந்தத் தசை மாறியது என்பது மட்டும் குலத்துக்குக் குலம் வேறுபடும். யானைமூக்கு மீனுக்கு வால் தண்டுத் தசை. மின்கெளுத்திக்கு மார்புத் தசையிலிருந்து வந்த உறுப்பு, தோலுக்கு அடியில் ஒரு சட்டைபோல உடல் முழுவதையும் சுற்றியிருக்கிறது. அந்தச் சட்டை முழுவதையும் இயக்குவது பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே இரண்டு ராட்சத நரம்புச் செல்கள். ஆனாலும் மின்கெளுத்தியின் அதிர்ச்சி 350 வோல்ட்டை எட்டக்கூடும். எகிப்தியக் கல்லறைச் சுவர்களில் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே இது செதுக்கப்பட்டிருப்பதில் வியப்பில்லை.

மின்சாரத்தை உணரும் மீன்களும் வெளியிடும் மீன்களும் ஒன்றா?

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் உறவுமுறையே புரியாது. உணர்வு முதலில் வந்தது, வெளியீடு பின்னால் வந்தது. சுறா, லாம்ப்ரே, நுரையீரல் மீன் ஆகியவற்றுக்கெல்லாம் மின்னுணர்வு உண்டு. அது முதுகெலும்பிகளின் பழஞ்சொத்து. இன்றைய எலும்புமீன்களில் பெரும்பாலானவற்றின் முன்னோர் அதை இழந்துவிட்டார்கள். பிறகு சில கிளைகளில் மட்டும் அது புதிதாகத் தோன்றியது. கெளுத்திகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் மின்னுணர்வு இருக்கிறது. சேற்றில் புதைந்த புழுவின் தசைத் துடிப்பைக்கூட அவை உணர்ந்துவிடும், ஆனால் அவற்றில் பெரும்பாலானவை தாமாக எதையும் வெளியிடுவதில்லை.

யானைமூக்கு மீன்களின் நெருங்கிய உறவான நோட்டோப்டெரிடே குடும்பம் இந்த வகையில் தெளிவான சான்று. அதன் ஆப்பிரிக்கக் கிளைக்கு மின்னுணர்வு உண்டு, மின்னுறுப்பு கிடையாது. அதே குடும்பத்தின் ஆசியக் கிளையான சொட்டைவாளைகளுக்கு இரண்டுமே இல்லை. சொட்டைவாளையும் தட்டையாக, வயிற்றடியில் நீளத் துடுப்போடு இருப்பதால், தென் அமெரிக்கக் கத்திமீனுக்கு உறவென்று பலரும் நினைக்கிறார்கள். கத்திபோன்ற உடலும் இரண்டு இடங்களில் தனித்தனியாக வந்ததுதான்.

தென் அமெரிக்கக் கத்திமீன்களை எப்படிப் பிரிக்கிறார்கள்?

ஐந்து குடும்பங்களாக. ஜிம்னோட்டிடே, ஹைப்போபோமிடே, ராம்ஃபிக்திடே ஆகிய மூன்றும் துடிப்பு வகை: ஒரு துடிப்பு, ஓர் இடைவெளி, மறுபடி ஒரு துடிப்பு. ஸ்டெர்னோபிஜிடே, ஆப்டெரனோட்டிடே இரண்டும் அலை வகை: இடைவெளியே இல்லாமல் ரீங்காரம்போலத் தொடரும் அலை. ஆப்பிரிக்காவிலும் இதே பிரிவு திரும்ப நிகழ்ந்திருக்கிறது. யானைமூக்கு மீன்கள் துடிப்பு வகை, ஜிம்னார்க்கஸ் அலை வகை.

ஐந்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஆப்டெரனோட்டிடே. மற்ற மின்மீன்கள் தசையை மாற்றி மின்னுறுப்பாக்கின. இவற்றின் குஞ்சுகளும் அப்படித்தான் தொடங்குகின்றன. வளர்ந்த மீனில் அந்தத் தசை உறுப்பு மறைந்து, தண்டுவட நரம்புகளின் நுனிகளே மின்னுறுப்பாகிவிடுகின்றன. தசை என்ற இடைத்தரகர் விலகியதால் வேகம் கூடியது. தொட்டிகளில் வளர்க்கப்படும் கறுப்புப் பேய்க்கத்திமீன் நொடிக்கு ஏறத்தாழ 1,000 முறை துடிக்கிறது, இரவும் பகலும் ஓய்வில்லாமல். பிறவற்றில் இல்லாத சிறிய வால்துடுப்பு இந்தக் குடும்பத்துக்கு உண்டு. கையில் எடுத்தால் முதலில் அதைப் பாருங்கள். 1990களில் அமேசானின் ஆழமான நீரோட்டங்களில் இழுவலை போட்டபோதுதான் இவற்றின் வளம் வெளியே தெரிந்தது. பிற மின்மீன்களின் வாலைக் கடித்துத் தின்றே வாழும் இனங்களும் அங்கே இருக்கின்றன. கடிபட்ட வால் மறுபடி வளர்ந்துவிடும்.

ஐந்து குடும்பங்களில் முதலில் பிரிந்தது எது?

இதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. எலும்புகளை அடிப்படையாகக் கொண்ட மரங்களில் ஜிம்னோட்டிடே அடியில் நிற்கிறது. மரபணுக்களை நூற்றுக்கணக்கில் சேர்த்து வரைந்த மரங்களில் ஆப்டெரனோட்டிடே அடிக்கு வருகிறது. ஐந்தும் குறுகிய காலத்துக்குள் அடுத்தடுத்துப் பிரிந்திருக்க வேண்டும். அப்படிப் பிரியும்போது ஒவ்வொரு மரபணுவும் சற்று வேறான கதையைச் சொல்லும். இதற்கு விடை தெரியாமல், அலை வகை ஒருமுறை தோன்றியதா இருமுறையா என்று சொல்ல முடியாது. ஹைப்போபோமிடேயும் ராம்ஃபிக்திடேயும் நெருங்கிய உடன்பிறப்புகள் என்பதில் மட்டும் பெரிய சச்சரவு இல்லை.

கத்திமீன்களுக்கு மிக நெருங்கியது கெளுத்தியா, பிரானா கூட்டமா என்பதும் இதே நிலைதான். 1981இல் எலும்பியல் அடிப்படையில் கெளுத்தி என்று முடிவு கட்டினார்கள். மரபணு வந்தபின் அந்த முடிவு ஆட்டம் கண்டிருக்கிறது. கெளுத்தி உடன்பிறப்பு இல்லை என்றானால், மின்னுணர்வு இரண்டிலும் தனித்தனியாக வந்ததா, அல்லது பிரானா கூட்டம் அதை இழந்ததா என்று மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும்.

மின்விலாங்கு ஒரே இனம் என்று படித்தேன். இப்போது மூன்று என்கிறார்களே?

1766இல் லின்னேயஸ் இதற்கு ஜிம்னோட்டஸ் எலெக்ட்ரிக்கஸ் என்று பெயரிட்டார். 1864இல் தியோடர் கில் இதற்கெனத் தனிப் பேரினம் உருவாக்க, அது எலெக்ட்ரோஃபோரஸ் எலெக்ட்ரிக்கஸ் ஆனது. அன்றிலிருந்து ஒற்றை இனமாகவே எல்லாப் புத்தகங்களிலும் இருந்தது. 2019இல் கார்லோஸ் டேவிட் டி சான்டானா தலைமையிலான குழு, அமேசான் பகுதியெங்கும் சேகரித்த 107 மீன்களின் மரபணு, எலும்பு, மின்னழுத்தம் மூன்றையும் வைத்து மூன்று இனங்கள் என்று காட்டியது.

வடக்கே கயானா மேட்டுநிலத்தில் வாழ்வது பழைய பெயரையே வைத்துக்கொண்டது. தெற்கே பிரேசில் மேட்டுநிலத்தில் வாழ்வது எலெக்ட்ரோஃபோரஸ் வோல்டாய். அமேசான் தாழ்நிலத்தில் மெதுவாக ஓடும் கலங்கல் நீரில் வாழ்வது எலெக்ட்ரோஃபோரஸ் வாரியி. இது மீனியலாளர் ரிச்சர்ட் வாரியின் நினைவாக வைத்த பெயர். மூன்றில் முதலில் பிரிந்தது தாழ்நிலத்து மீன், சுமார் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன். மேட்டுநிலத்தின் இரண்டும் சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒன்றையொன்று விட்டு விலகின.

வோல்டாயில் அளந்த 860 வோல்ட், உயிரினம் எதிலும் பதிவான மிக உயர்ந்த மின்னழுத்தம். அதுவரை 650 என்றுதான் நூல்கள் சொல்லின. மேட்டுநிலத்து நீரில் உப்புகள் குறைவு, மின்கடத்தும் திறனும் குறைவு. அங்கே கூடுதல் அழுத்தம் தேவைப்பட்டிருக்கலாம் என்கிறார்கள். இத்தாலிய இயற்பியலாளர் அலெஸாண்ட்ரோ வோல்டாவின் பெயரை வைத்ததும் மிகப் பொருத்தம். 1800இல் அவர் தன் மின்கலத்தை அறிவித்தபோது, அதை மின்திருக்கையின் இயற்கையான மின்னுறுப்போடு ஒப்பிட்டு, தன்னுடையது செயற்கை மின்னுறுப்பு என்றே அழைத்தார்.

மின்விலாங்குக்குத் தனிக் குடும்பம் வேண்டுமா, ஜிம்னோட்டிடேயிலேயே இருக்கட்டுமா என்பதில் இரு தரப்பும் உண்டு. லின்னேயஸ் வைத்த இடத்துக்கு அருகிலேயே, ஜிம்னோட்டஸின் உடன்பிறப்பாக வைப்பவர்கள் பலர். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. பெரிய அதிர்ச்சி தருவது என்பதற்காக மட்டும் ஒரு மீனுக்குத் தனிக் குடும்பம் கொடுத்தால், உறவை விட்டுவிட்டுத் திறமையை வைத்துப் பிரிப்பதாகிவிடும்.

வலுவான மின்மீன், மெல்லிய மின்மீன் என்று பிரிப்பது வகைப்பாடு ஆகாதா?

ஆகாது. அது பழக்கத்தைப் பற்றிய பிரிவு. மின்விலாங்கும் மின்கெளுத்தியும் வலுவானவை, ஆனால் அவை வேறு வேறு வரிசைகள். மேலும் மின்விலாங்கின் உடலிலேயே மூன்று மின்னுறுப்புகள் உண்டு. அவற்றில் ஒன்று, தன் கத்திமீன் உறவுகளைப் போலவே, சுற்றுப்புறத்தை அறிய மெல்லிய துடிப்பைத்தான் விடுகிறது.

பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் மீன்களை வெவ்வேறு இனம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

மின்துடிப்பின் வடிவத்தைக் கொண்டு. காபோன் நாட்டின் இவின்டோ ஆற்றில் பாரமார்மிரோப்ஸ் பேரினத்தைச் சேர்ந்த யானைமூக்கு மீன்கள் பல வகையாக ஒன்றாக வாழ்கின்றன. கையில் எடுத்துப் பார்த்தால் பிரித்தறிவது கடினம். மின்துடிப்பின் வடிவத்தைத் திரையில் வரைந்து காட்டும் அலைக்காட்டியில் துடிப்பைப் பதிவு செய்தால் ஒவ்வொன்றும் தன் கையெழுத்தைப் போட்டுக் காட்டுகிறது: ஒன்றுக்கு ஒரு மேடும் ஒரு பள்ளமும், இன்னொன்றுக்கு முதலில் ஒரு சிறு பள்ளம் பிறகு மேடு. மீன்களும் அதைக் கொண்டுதான் தம் இனத்துத் துணையை அடையாளம் காண்கின்றன.

அமேசானில் 2013இல் விவரிக்கப்பட்ட இரண்டு பிராக்கிஹைப்போபோமஸ் இனங்கள் இன்னும் துல்லியமான எடுத்துக்காட்டு. பெனட்டி, வால்டெரி என்ற இந்த இரண்டும் நெருங்கிய உடன்பிறப்புகள், தோற்றமும் கிட்டத்தட்ட ஒன்று. வால்டெரியின் துடிப்பு மேலே ஏறிக் கீழே இறங்கும். பெனட்டியுடையது மேலே ஏறுவதோடு சரி. அத்தகைய ஒற்றை மேட்டுத் துடிப்பு மின்விலாங்குக்கும் உண்டு.

ஒரு மீனை எந்தப் பெயரில் எழுதுகிறோம் என்பது ஆய்வையே பாதிக்கும். உருகுவேயில் பல ஆண்டுகள் நரம்பியல் ஆய்வுக்குப் பயன்பட்ட மீனை ஜிம்னோட்டஸ் கராப்போ என்றே எழுதிவந்தார்கள். 2009இல் அது வேறு இனம் என்று தெரிந்தது. அதைக் கொண்டு ஆய்வுகள் செய்த ஓமர் என்ற பெயருடைய இரண்டு அறிஞர்களைச் சிறப்பிக்கும் வகையில் ஜிம்னோட்டஸ் ஓமரோரம் என்று பெயர் சூட்டினார்கள். பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது, மீன் எந்த நாட்டில் பிடிபட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றனவா?

மிகக் குறைவு. கத்திமீன்களில் பொலிவியாவில் கிடைத்த ஹம்போல்ட்டிக்திஸ் என்ற மயோசீன் காலத்து (சுமார் 2.3 கோடி முதல் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய) மீன் ஒன்றைத்தான் உறுதியாகச் சொல்ல முடிகிறது. குலத்தின் வயதோடு ஒப்பிட்டால் அது மிகப் பிந்திய காலத்தது. அதனால்தான் காலக் கணக்குகள் பெரும்பாலும் மரபணுவை நம்பி நிற்கின்றன.

யானைமூக்கு மீனின் மூக்கு உண்மையில் மூக்கா?

நாத்தோனீமஸ் பீட்டர்சி என்ற யானைமூக்கு இனத்தில் அது தாடையின் நீட்சி. மின்னுணர்விகள் அடர்ந்த அந்த விரலால் அது மணலைத் துழாவுகிறது. காம்பிலோமார்மிரஸ் என்ற இன்னொரு யானைமூக்குப் பேரினத்தில் வாயே குழல்போல நீண்டிருக்கிறது. அமேசானின் ராம்ஃபிக்திஸுக்கும் அதே குழல் வாய் உண்டு. அதற்காக உறவு கொண்டாடக் கூடாது. நாத்தோனீமஸின் மூளை உடல் எடையில் சுமார் 3 விழுக்காடு. ஆனால் உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது.

இந்தத் துடிப்புகளை நாமே கேட்க முடியுமா?

முடியும். காப்பு உரித்த இரண்டு கம்பி நுனிகளைத் தொட்டி நீரில் இரு பக்கமும் விட்டு, மறு நுனிகளை பேட்டரியில் ஓடும் சிறிய ஒலிபெருக்கியோடு இணைத்தால் போதும். மின் இணைப்பில் ஓடும் கருவியை நீரோடு சேர்க்கவே கூடாது. நான் முதன்முதலில் கேட்டது கறுப்புப் பேய்க்கத்திமீனை. அது குழாய்க்குள் அசையாமல் படுத்திருந்தது. ஒலிபெருக்கியிலோ, தளராத ஒற்றைச் சுரம், புல்லாங்குழலை யாரோ மூச்சு விடாமல் ஊதுவதுபோல. கம்பியை அதன் வாலுக்கு அருகே கொண்டுபோனபோது ஓசை ஏறியது. அடுத்த தொட்டியில் யானைமூக்கு மீன். அங்கே மணலில் மழைத்துளி விழுவதுபோலச் சொட்டு, சொட்டு என்று ஒழுங்கில்லாத ஓசை. கையை நீரருகே கொண்டுபோனதும் சொட்டுகள் நெருங்கி ஒரு சடசடப்பாக மாறின. அலையா துடிப்பா என்பதைக் காதே சொல்லிவிடும். எந்த இனம் என்று அறிய அலைக்காட்டி வேண்டும்.